புல்லட்டின் ஜீர்ணோத்தாரணம்

புதுக்கோட்டையிலிருந்து ஏறக்குறைய 16 கிலோமீட்டர் தொலைவில், அன்னவாசலை அடுத்து, வெயிலில் பழுத்துக் கிடக்கும் சித்தன்னவாசல் குன்றின் மேற்குச் சரிவில் குடையப்பட்ட அறிவர் கோயிலைக் காண வருவோர், விதானத்தில் தீட்டப்பட்ட தாமரைத் தடாகத்தையும் தூண்களில் தேய்ந்துபோன ஆடல் மகளிரையும் அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்புவதே வழக்கமாக இருக்கிறது. வெளிப்புறப் பாறையில் உள்ள தமிழ்க் கல்வெட்டின் முன் நிற்பவர் மிகச் சிலர். பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில், அதாவது ஒன்பதாம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பார் இக்கோயிலின் அர்த்த மண்டபத்தைப் புதுப்பித்து, அதன் முன் ஒரு முக மண்டபமும் எடுப்பித்த செய்தியை அக்கல்வெட்டு அறிவிக்கிறது. அந்த முக மண்டபம் காலத்தால் அழிந்தது. இன்று நாம் காணும் முகப்பு, புதுக்கோட்டை சமஸ்தானக் காலத்தில், அப்போது நிர்வாகியாக இருந்த டாட்டன்ஹாம் துரையின் யோசனைப்படி, குடுமியான்மலையில் இடிந்துகிடந்த மண்டபத்தின் தூண்களைக் கொண்டுவந்து நாட்டி எழுப்பப்பட்டது. விதானத்து ஓவியத்தைத் துப்புரவு செய்தபோது, சில இடங்களில் மேற்படலத்துக்கு அடியில் அதனினும் பழைய ஓவியப் படலம் ஒன்று வெளிப்பட்டது. ஆகவே இச்சிறு குடைவரையில் முதலில் செய்தது, பின்னர் புதுப்பித்தது, வேறோரிடத்திலிருந்து எடுத்து வந்து பொருத்தியது ஆகிய மூன்றும் ஒருங்கே நிற்கின்றன.

இக்குன்றின் நிழலில் குடியிருந்துகொண்டு, தந்தையார் விட்டுச்சென்ற 1971ஆம் ஆண்டுப் புல்லட் ஒன்றை வீட்டு முற்றத்தில் பிரித்தும் பூட்டியும் வரும் எனக்கு, பழைய மோட்டார் சைக்கிளின் எஞ்சினை மாற்றலாமா, மாற்றுவதாயின் எந்த எஞ்சினை, எவ்விதம், எந்த அளவுக்கு என்னும் விஷயம் வெறும் பட்டறை விவகாரமாகத் தோன்றவில்லை. பழுதுற்ற பழம்பொருளைப் பேணுவது எப்படி என்னும் பெரிய விசாரணையின் ஒரு கிளையாகவே அது படுகிறது. இதைப்பற்றி ஆர்வலர்களிடையே பல அபிப்பிராயங்கள் வழங்குகின்றன. அவற்றை ஆராய்ந்து என் முடிபைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

புல்லட்டை உதாரணமாக எடுத்துக்கொள்வதற்குக் காரணம் என் வீட்டில் அது இருப்பது மட்டுமன்று. இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் பிறந்து, சென்னைத் திருவொற்றியூரில் வளர்ந்து, பிறந்த ஊரில் தொழிற்சாலை மூடப்பட்ட பின்னும் வளர்ந்த ஊரில் பிழைத்திருந்த யந்திரம் அது. 1950களின் தொடக்கத்தில் நம் ராணுவம் எல்லைக் காவலுக்காக 350 சி.சி. புல்லட்டுகளை வாங்கியது. அதன் தொடர்ச்சியாக 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்தாரும் ராயல் என்ஃபீல்டு கம்பெனியாரும் கூடி என்ஃபீல்டு இந்தியாவை நிறுவினர். முதலில் பெட்டிகளில் வந்த பாகங்களைப் பூட்டினார்கள். சில ஆண்டுகளுக்குள் அச்சுகளும் கருவிகளும் வந்து சேர, எல்லாப் பாகங்களையும் இங்கேயே வார்க்கலாயினர். 70 மில்லிமீட்டர் விட்டமும் 90 மில்லிமீட்டர் ஓட்டமும் கொண்ட அந்த 346 சி.சி. வார்ப்பிரும்புச் சிலிண்டர் எஞ்சின், சிற்சில திருத்தங்களோடு அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஓடிற்று. 1970இல் விற்ற வண்டியின் பாகம் 1990இல் விற்ற வண்டிக்குப் பெரும்பாலும் பொருந்தும் என்ற நிலை உலகில் வேறெந்த மோட்டார் சைக்கிளுக்கும் எளிதில் வாய்த்ததன்று. எஞ்சினை மாற்றும் ஆசையை நம் ஊரில் வளர்த்ததும் இந்த ஒற்றுமையே. அந்த ஆசையை அவசியமற்றதாக்குவதும் இதுவே என்பதைப் பின்னர் காண்போம்.

எஞ்சின் மாற்றத்தை ஒரு கலையாகவே போற்றிய தேசம் இங்கிலாந்து. பெல்ஃபாஸ்ட் நகரத்து மக்கான்ட்லெஸ் சகோதரர்கள் வடித்துக் கொடுத்து, 1950இல் பந்தயத்துக்கு வந்த நார்ட்டனின் 'ஃபெதர்பெட்' சேஸ், வளைவுகளில் சாலையைப் பற்றி நிற்பதில் அக்காலத்தில் ஈடற்றதாக இருந்தது. 500 சி.சி. பந்தயக் கார் கட்டுவோருக்கோ நார்ட்டனின் எஞ்சின் மட்டுமே தேவைப்பட்டது. கம்பெனியார் எஞ்சினைத் தனியே விற்க இணங்காததால், அவர்கள் முழு வண்டியையும் வாங்கி எஞ்சினைக் கழற்றிக்கொண்டு சேஸை ஒதுக்கினர். ஒதுக்கப்பட்ட அந்தச் சேஸ்களில் டிரையம்ஃப் கம்பெனியின் இரட்டைச் சிலிண்டர் எஞ்சினை ஏற்றிய இளைஞர்களால் 'டிரைட்டன்' என்னும் கலப்பு வண்டி பிறந்தது. சிறந்த உடலும் சிறந்த இதயமும் வெவ்வேறு இடங்களில் இருக்க, இரண்டையும் ஒன்றுசேர்த்த அந்த முயற்சியில் நியாயம் இருந்தது; அதற்காக எந்த நல்ல எஞ்சினும் பாழாகவில்லை. டிரைட்டனைச் சான்றாகக் காட்டி எஞ்சின் மாற்றத்தை ஆதரிப்போர் இந்த முக்கிய அம்சத்தை மறந்துவிடுகின்றனர்.

நம் நாட்டில் இதற்கு நிகராகச் சொல்லத்தக்கது டீசல் புல்லட். டீசல் பெட்ரோலைவிட மிக மலிவாக விற்ற காலத்தில், தண்ணீர் இறைக்கவும் மின்சாரம் எடுக்கவும் செய்யப்பட்ட சிறு டீசல் எஞ்சின்களைப் புல்லட் சேஸில் ஏற்றி ஓட்டும் வழக்கம் பட்டறைகளில் தோன்றிற்று. பின்னர் 1990களில் கம்பெனியாரே 325 சி.சி. டீசல் எஞ்சினோடு 'டாரஸ்' என்ற வண்டியைச் சந்தைக்குக் கொண்டுவந்தனர். ஆறரைக் குதிரைத்திறனே உடைய அந்த வண்டி வேகத்தில் மிகவும் பின்தங்கியது. அதன் அதிர்வு கைகளை மரத்துப்போகச் செய்யும். ஆயினும் ஒரு லிட்டரில் அது கடக்கும் தூரத்தைக் கண்ட விவசாயிக்கும் பால்காரருக்கும் மற்றவையெல்லாம் பெரிதாகத் தோன்றவில்லை. புகைக் கட்டுப்பாட்டு விதிகள் கடுமையானபோது அதன் உற்பத்தி நின்றது. வானம் பார்த்த பூமியான எங்கள் புதுக்கோட்டைச் சீமையில், கிணற்று மேட்டு டீசல் எஞ்சினின் ஒலியைக் கேட்டே அதன் நோயைச் சொல்லிவிடும் மனிதர்கள் வாழ்ந்த காலம் அது. வறுமையும் மதிநுட்பமும் சேர்ந்து செய்த அந்த மாற்றத்தை நான் குறைகூறத் துணியேன். ஆனால் அத்தேவை இப்போது இல்லை. அன்றைய அவசியத்தை இன்றைய விளையாட்டுக்கு முன்னுதாரணமாக்குவது பொருந்தாது.

வேறொரு மரபும் உண்டு. அது மாற்றுவதைக் காட்டிலும் படைப்பதைச் சார்ந்தது. ஆஸ்திரேலியாவில் பால் கார்பெரி இரண்டு 500 சி.சி. புல்லட் சிலிண்டர்களை ஒரே கிராங்க் கேஸின் மேல் 55 பாகைக் கோணத்தில் நிறுத்தி 1000 சி.சி. எஞ்சின் ஒன்றை உருவாக்கினார். இந்தியாவிலிருந்து அமெரிக்கா சென்ற அனிகேத் வர்தன் அதே எண்ணத்தை 'மஸ்கெட்' என்ற பெயரில், 350 சிலிண்டர்கள் இரண்டைக் கொண்டு நிறைவேற்றினார். புல்லட்டின் இயல்பை அறிந்து, அதன் உறுப்புகளைக் கொண்டே அதனை விரித்த காரியங்கள் இவை. அச்சு வார்க்கவும் கணக்கிட்டு வரையவும் வல்லார்க்கு உரிய இப்பெரும்பணியை, ஸ்பேனர் பெட்டியோடு ஞாயிற்றுக்கிழமை முற்றத்தில் அமரும் நம்மவர் முயற்சியோடு ஒப்பிடுதல் தகாது.

இனி வீட்டில் நடக்கும் காரியத்துக்கு வருவோம்.

நம்மில் பெரும்பாலோர் எஞ்சினை மாற்ற எண்ணுவது எப்போது? சிலிண்டர் தேய்ந்து புகை கக்கும்போது, அல்லது பிக் எண்ட் தட்டும் ஓசை கேட்கும்போது. இவ்விரண்டும் எஞ்சினின் மரணமாகா என்பதை எவ்வளவு அழுத்தமாகச் சொன்னாலும் தகும். சிலிண்டரை லேத்துப் பட்டறையில் போர் போட்டு அளவு கூடிய பிஸ்டனைப் பூட்டலாம். போர் போடவும் இடமில்லாமல் தேய்ந்திருந்தால் ஸ்லீவ் அடித்து மீண்டும் பழைய அளவுக்கே கொண்டுவரலாம். புல்லட்டின் பழைய பிக் எண்ட், மிதக்கும் புஷ் ஒன்றின் மேல் சுழல்வது. எண்ணெய் சுத்தமாக இருக்கும் வரையில் அது நெடுங்காலம் உழைக்கும். எண்ணெய் கெட்டால் விரைவில் கெடும். அதற்குப் பதிலாக ரோலர் பேரிங் வைத்த கிராங்க்கை இன்று எந்தப் பெருநகரத்திலும் வாங்கலாம். மேலே நான் குறித்த அரை நூற்றாண்டு ஒற்றுமையின் பயன் இங்கேதான் விளங்குகிறது: உறுப்புகள் அனைத்தும் கிடைக்கும் எஞ்சினை உறுப்பு உறுப்பாகப் புதுப்பிக்கலாமேயன்றி, முழுவதாகத் தூக்கி எறிய வேண்டிய நிர்ப்பந்தம் இல்லை. எண் பொறித்த கிராங்க் கேஸ் ஒன்றுதான் வண்டியின் பிறப்புரிமை. அது பிளவுபடாமல் இருக்கும் வரையில் அந்த எஞ்சின் உயிரோடு இருக்கிறது.

கிராங்க் கேஸே உடைந்தால்? எனக்கு நேர்ந்தது அதுதான். நார்த்தாமலையிலிருந்து திரும்பும் வழியில் கனெக்டிங் ராடு முறிந்து அலுமினியச் சுவரைக் குத்திக்கொண்டு வெளியே வந்தது. எண்ணெய் முழுவதும் சாலையில் வடிய, வண்டியைத் தள்ளிக்கொண்டு வீடு சேர்ந்த அந்த மாலையில், மாற்று எஞ்சின் ஒன்றே கதி என்று எனக்கும் தோன்றியது.

அதனை இறக்கிய விதத்தைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். ஏனெனில் இத்தொழிலில் கெடுதல் பெரும்பாலும் அவசரத்தால் வருவது. புல்லட்டின் சேஸில் எஞ்சினுக்கு அடியில் ஓடும் குழாய் கிடையாது. முன்புறம் இறங்கும் ஒற்றைக் குழாய் எஞ்சினின் முன் தகடுகளோடு முடிந்துவிடுகிறது. அதாவது எஞ்சினும் கியர் பெட்டியுமே சேஸின் ஓர் அங்கமாக நின்று பாரத்தைத் தாங்குகின்றன. இதை அறியாமல் போல்ட்டுகளை உருவுபவர், வண்டி நடுவில் சாய்வதைக் கண்டு திகைப்பார். ஆகவே முதலில் சேஸுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டைகளை அண்டை கொடுத்து நிறுத்த வேண்டும். பின் எண்ணெயை வடித்து, பெட்ரோல் டாங்கையும் கார்புரேட்டரையும் சைலன்சர் குழாயையும் நீக்கி, பாட்டரித் தொடர்பை அறுத்து, இடப்புறத்துப் பிரைமரிச் செயின் மூடியைத் திறந்து, கிளச் தட்டுகளை வரிசை மாறாமல் அடுக்கிவைத்து, கிளச்சையும் செயினையும் ஒன்றாக உருவ வேண்டும். பழைய புல்லட்டின் மரைகளில் பல பிரிட்டிஷ் அளவின. மில்லிமீட்டர் ஸ்பேனரை வைத்து நெம்பினால் நட்டின் மூலைகள் உருண்டுபோகும். உருண்ட நட்டை உளி வைத்துத் தட்ட, மரையும் போகும். நான் கழற்றிய ஒவ்வொன்றையும் பால்மாவு டப்பாக்களில் தனித்தனியே இட்டு, மேலே காகிதம் ஒட்டி எழுதிவைத்தேன். கிணறு தூர்வாருவோர் நாட்டுவதுபோல மூன்று சவுக்குக் கழிகளைக் கூட்டிக் கட்டி, அதில் செயின் புளாக்கைத் தொங்கவிட்டு, ஹெட்டை மேலே பிடித்திருக்கும் தகட்டையும் முன் தகடுகளையும் கியர் பெட்டிப் போல்ட்டுகளையும் உருவியபோது, எஞ்சினும் கியர் பெட்டியும் ஒரே உருவாக, எண்ணெய் மணக்க, மெல்ல மேலெழுந்து வந்தன. தந்தையார் பலமுறை தொட்டுத் துடைத்த அந்த உலோகம் வெறும் கழியில் தொங்கியதைக் கண்டபோது என் மனம் கலங்கியதை மறைக்க நான் விரும்பவில்லை.

மாற்று எஞ்சின் தேடி அலைந்தபோது கிடைத்த அனுபவம் வாசகருக்குப் பயன்படலாம். பழைய இரும்பு வணிகர் ஒருவரிடம், குறைந்த விலையில், பார்வைக்குச் செம்மையான எஞ்சின் ஒன்று இருந்தது. உடன் வந்த மெக்கானிக் தம்பி அதன் எண் பொறித்த இடத்தை மண்ணெண்ணெய்த் துணியால் அழுத்தித் துடைத்து, டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்துக் காட்டினார். "அண்ணே, இங்க பாருங்க. சுத்தி எல்லாம் வார்ப்போட சொரசொரப்பு இருக்கு. நம்பர் இருக்கற எடம் மட்டும் வழவழன்னு இருக்கு. அரத்தால ராவிட்டுப் புதுசா அடிச்சிருக்காங்க." உற்றுப் பார்த்தேன், எண்களின் வரிசையும் சற்றே கோணியிருந்தது. எங்கோ ஒரு வீட்டில் காணாமற்போன வண்டியின் இதயமாக அது இருந்திருக்கலாம். இருவரும் பேசாமல் திரும்பினோம். பின்னர், உரிய ரசீதோடும் அழியாத எண்ணோடும் வேறோர் எஞ்சினை அதிக விலை கொடுத்து வாங்கினோம்.

சட்டம் இவ்விஷயத்தில் தெளிவாகவே பேசுகிறது. பதிவுச் சான்றில் எஞ்சின் எண், சேஸ் எண் ஆகிய இரண்டும் எழுதப்பட்டிருக்கின்றன. உற்பத்தியாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றலாகாது என்று 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு விதிக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அதே வகை எஞ்சினை ஏற்றுவதாயினும் பதிவு அலுவலரின் அனுமதியைப் பெற்று, புதிய எண்ணைச் சான்றில் ஏற்ற வேண்டும். 2021இல் வந்த விண்டேஜ் வாகன விதிகளோ, 50 ஆண்டு கடந்த வண்டிக்குத் தனிப் பதிவு வழங்க முன்வரும்போதே, சேஸிலோ எஞ்சினிலோ பெருமாற்றம் செய்யப்படாததாக அது இருக்க வேண்டும் என்று கேட்கின்றன. 1971இல் எங்கள் ஊர் திருச்சி மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1974இல் புதுக்கோட்டை தனி மாவட்டமாயிற்று. மாவட்டமே பெயர் மாறியும், சான்றில் தந்தையார் காலத்தில் எழுதிய எண்ணும் வண்டியில் பொறித்த எண்ணும் ஒத்திருந்தமையால்தான் அது அதே வண்டி என்று நான் மெய்ப்பிக்க முடிந்தது. காகிதமும் உலோகமும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும்.

இப்போது வரும் புதிய புல்லட் எஞ்சினைப் பழைய சேஸில் ஏற்றலாமா என்று கேட்கும் இளைஞர்கள் உளர். புதியதில் எஞ்சினும் கியர் பெட்டியும் ஒரே வார்ப்பு. கியர் மிதி இடப்பக்கம். தாங்கு துளைகள் வேறிடத்தில். சேஸை அறுத்து ஒட்டாமல் அது அமராது. அறுத்து ஒட்டிய சேஸோ பிரேக் பிடிக்கும்போதும் குழியில் விழும்போதும் எவ்விதம் நடந்துகொள்ளும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. இதனை நான் முழு மனத்தோடு எதிர்க்கிறேன். உயிர்ச்சேதத்துக்கு இடமளிப்பதோடு, இரண்டு நல்ல வண்டிகளைக் கெடுத்து ஒரு கெட்ட வண்டியைச் செய்வதாக அது முடியும்.

ஆகவே என் முடிபு இது. உறுப்புகளை மாற்றி எஞ்சினைக் காப்பதே முதல் தர்மம். கிராங்க் கேஸ் உடைந்தாலன்றி எஞ்சினை மாற்றலாகாது. மாற்ற நேர்ந்தால் அதே வகையை, அனுமதியோடு, எழுதிவைத்து மாற்ற வேண்டும். பழையதை எடைக்குப் போடாமல் காக்க வேண்டும். இளங்கௌதமன் தாம் புதுப்பித்ததை இன்னது என்று பாறையில் பொறித்தமையால், ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் நாம் முதலில் இருந்ததையும் அவர் செய்ததையும் பகுத்தறிய முடிகிறது. குடுமியான்மலைத் தூண்களைத் தாங்கிய முகப்பையும் நான் குறை சொல்லவில்லை. அவை அழிவிலிருந்து மீண்டன, கோயிலும் வெயில் மழையிலிருந்து காக்கப்பட்டது, வந்த இடத்தை மறைத்தாரும் இல்லை. வண்டியின் உடைமைக்காரரும் ஒரு சிறு நோட்டில், எந்த நாளில் எந்த உறுப்பு எங்கிருந்து வந்தது என்று எழுதிவைத்தால், அடுத்து அதை வாங்குபவர் ஏமாறமாட்டார்.

மாற்று எஞ்சினைப் பூட்டிய அன்று, ஹெட்டுக்கு எண்ணெய் கொண்டுசெல்லும் குழாயின் போல்ட்டைச் சற்றுத் தளர்த்தி வைத்துக்கொண்டு கிக்கரை மிதித்தோம். எண்ணெய் கசிந்து வருவதைக் கண்ணால் கண்ட பின்னரே போல்ட்டை இறுக்கினோம்; புதிதாகப் பூட்டிய எந்த எஞ்சினையும் இந்தச் சோதனை இல்லாமல் ஓட்டலாகாது. இரண்டு ஆண்டுகள் அந்த எஞ்சின் உழைத்தது. அதற்குள் உடைந்த கிராங்க் கேஸை ஆர்கன் வெல்டிங்கில் ஒட்டி, பேரிங் அமரும் இடங்களை மீண்டும் கடைந்து, புதிய கிராங்க்கும் பிஸ்டனும் ஏற்றினோம். ஒட்டின தழும்பை அரம் போட்டு மறைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சென்ற தை மாதம் பழைய எஞ்சின் மீண்டும் தன் சேஸுக்குத் திரும்பியது. பதிவுச் சான்றிலும் அதன் எண் மீண்டும் ஏறிவிட்டது. மாற்று எஞ்சின் எண்ணெய் பூசிச் சாக்கில் சுற்றப்பட்டு, ரசீதோடு என் வீட்டுப் பரணின் கீழே இருக்கிறது. கிராங்க் கேஸ் உடைந்த வண்டியோடு தவிப்பவர் யாரேனும் வந்தால், வாங்கிய விலைக்கே கொடுத்துவிடுவேன்.